டிகாஸ் கத்தும்போது: ஆர்.ஏ. வந்தால் விமானி செய்ய வேண்டியவை, வரிசைப்படி

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எப்போதும் ஒட்டிப் போட்டபடி கிடக்கும். இடது நாற்காலி கேப்டனுக்கு, வலது ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு. டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி) போகும் முன் பொள்ளாச்சி, கொல்லங்கோடு, கோவை பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இங்கே வந்து உட்கார்ந்து பழகுவார்கள். பல ஆண்டுகள் விமானம் ஓட்டி, அப்புறம் சிமுலேட்டரில் சொல்லிக்கொடுத்த பழக்கம், ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை.

டிகாஸ் என்பது விமானங்கள் நடுவானில் மோதிக்கொள்ளாமல் எச்சரிக்கும் கருவி. டி.ஏ. அதன் முதல் எச்சரிக்கை; ஆர்.ஏ. என்பது ஏறு, இறங்கு என்று அது தரும் கட்டளை. இந்த மோதல் எச்சரிக்கைப் பயிற்சியில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். கை நகர்வதற்கு முன் வாய் திறந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதற்கே அதிக இடம். உங்கள் விமானத்தின் கையேடும் நிறுவன நடைமுறையும் இதில் ஏதாவதொன்றிலிருந்து வேறுபட்டால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

1. தரையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

டிகாஸ் தானாகவே எதையும் பார்ப்பதில்லை. பக்கத்து விமானத்தின் டிரான்ஸ்பாண்டரிடம் (வானொலிக் கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவி) கேள்வி கேட்டு, வரும் பதிலை வைத்துக் கணக்குப் போடுகிறது. எதிரே டிரான்ஸ்பாண்டர் அணைந்திருந்தால் அந்த விமானம் உங்கள் திரையில் கிடையவே கிடையாது. உயரம் சொல்லாத டிரான்ஸ்பாண்டர் என்றால் 'டிராஃபிக்' எச்சரிக்கை மட்டும் வரும். ஏறு, இறங்கு என்ற கட்டளை வராது. உங்கள் டிரான்ஸ்பாண்டர் பழுதானாலும் டிகாஸ் போய்விடும். ஆகவே காக்பிட் தயாரிப்பில் சோதனைப் பொத்தானை அழுத்தி முடிவைக் காதால் கேளுங்கள். திரையில் கோடு வந்ததே, போதும் என்று நகர்ந்துவிடாதீர்கள்.

ஓடுதளத்தில் ஏறும்போது தேர்வுக் குமிழ் டி.ஏ.-ஆர்.ஏ. நிலையில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். முந்தைய பயணத்தில் யாரோ டி.ஏ. மட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த நிலையில் உங்களுக்குக் கட்டளை வராது. எதிர் விமானத்தின் டிகாஸும் உங்களை விலகத் தெரியாத விமானமாக வைத்து, தான் மட்டும் விலகும் வழியைத் தேடும்.

புறப்பாட்டு பிரீஃபிங்கில் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆர்.ஏ. வந்தால் யார் ஓட்டுவது, யார் வானொலியில் பேசுவது. சில நிறுவனங்களில் ஓட்டிக்கொண்டிருப்பவரே தொடர்வார், சிலவற்றில் கேப்டன் எடுத்துக்கொள்வார். அந்த நொடியில் "நீங்களா, நானா?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரம் இருக்காது.

2. திரைக் குறிகளை எவ்வளவு நம்புவது

வெற்று வைர வடிவம் தூரத்து விமானம். நிரம்பிய வைரம் என்றால் 6 நாட்டிக்கல் மைலுக்குள், 1,200 அடி உயர வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. மஞ்சள் வட்டம் டி.ஏ., சிவப்புச் சதுரம் ஆர்.ஏ. பக்கத்தில் இருக்கும் எண் நூறு அடிக் கணக்கு: +10 என்றால் உங்களுக்கு 1,000 அடி மேலே. அம்புக்குறி இருந்தால் அது நிமிடத்துக்குக் குறைந்தது 500 அடி ஏறுகிறது அல்லது இறங்குகிறது.

இதில் தூரமும் உயரமும் நம்பகமானவை. திசை அப்படியில்லை. ஆன்டெனா தரும் திசைக் கணக்கில் சில பாகைகள் பிழை சாதாரணமாகவே இருக்கும், சில நேரம் அதைவிட அதிகம். திரையில் இடதுபக்கம் தெரிவது நிஜத்தில் மூக்குக்கு நேரே இருக்கலாம். திரையைப் பார்த்துத் திரும்பி விலகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். டிகாஸ் கட்டளைகள் மேலே, கீழே என்று மட்டும் வருவதற்கும் இதே காரணம்தான்.

3. வர வேண்டாத ஆர்.ஏ.வைத் தவிர்ப்பது

நிறைய ஆர்.ஏ.க்கள் உண்மையான மோதல் ஆபத்தால் வருவதில்லை. ஒரு விமானம் வேகமாக ஏறிவந்து, 1,000 அடி மேலே போகும் இன்னொன்றுக்குக் கீழே நிற்கப்போகும்போது வருகின்றன. நீங்கள் அந்த உயரத்தோடு நிற்கப்போகிறீர்கள் என்பது ஆட்டோபைலட்டுக்குத் தெரியும், தரையில் இருந்து வழிநடத்தும் கண்ட்ரோலருக்குத் தெரியும். டிகாஸுக்குத் தெரியாது. இப்போதைய வேகத்தை அப்படியே நீட்டிப் பார்த்து, இடிக்கும் என்று முடிவு கட்டிவிடும்.

கொச்சியில் இருந்து லேசான விமானத்தோடு கிளம்பினால் நிமிடத்துக்கு 3,000 அடி ஏறுவது சுலபம். மேலே சென்னைப் பக்கம் இருந்து ஒன்று வந்துகொண்டிருக்கும். பக்கத்து உயரத்தில் விமானம் இருப்பது தெரிந்தால், கடைசி 1,000 அடியில் ஏறும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் குறைத்துக்கொள்ளுங்கள். சர்வதேச நடைமுறையும் இதைத்தான் சொல்கிறது. இறங்கும்போதும் அதே கணக்கு.

என் முதல் ஆர்.ஏ. இப்படி வந்ததுதான். நான் ஃபர்ஸ்ட் ஆபீசர், வானொலி என் வேலை. ஏறும் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கட்டளை வந்ததும் நான் செய்த முதல் காரியம் மைக்கை அழுத்திக் கத்தியது. என்ன சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. பக்கத்தில் கேப்டன் அமைதியாக மூக்கைச் சற்றே தாழ்த்தி முடித்துவிட்டார். நான் அவருடைய வர்டிகல் ஸ்பீடை (ஏறும் அல்லது இறங்கும் வேகத்தை) பார்க்கவே இல்லை. அவர் எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

4. 'டிராஃபிக், டிராஃபிக்': கை தயாராகட்டும், விமானம் அப்படியே போகட்டும்

இது டி.ஏ. 20,000 அடிக்கு மேல் என்றால், இப்படியே போனால் இன்னும் 48 நொடியில் மிக அருகில் வந்துவிடும் என்ற கணக்கில் இது ஒலிக்கும். ஆர்.ஏ. வருவது 35 நொடிக் கணக்கில். கீழே இறங்க இறங்க இந்த அவகாசம் சுருங்கும்: 2,350 அடியில் இருந்து 5,000 அடி வரை டி.ஏ. 30 நொடி, ஆர்.ஏ. 20 நொடி. ஆக, இரண்டுக்கும் நடுவே உங்களுக்குக் கிடைப்பது 10 முதல் 15 நொடி.

இந்த இடைவெளியில் செய்ய வேண்டியவை இவை. ஓட்டுபவர் கையைக் கட்டுப்பாட்டின் மேல் வைத்து, ஆட்டோபைலட் துண்டிக்கும் பொத்தானில் விரலைக் கொண்டுபோக வேண்டும். யார் ஓட்டுகிறார் என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். இப்போதைய வர்டிகல் ஸ்பீடு எவ்வளவு என்று ஒரு பார்வை. மற்றவர் வெளியே பார்க்கலாம். சீட் பெல்ட் விளக்கு அணைந்திருந்தால் போடலாம். அவ்வளவுதான்.

டி.ஏ.வை மட்டும் வைத்து ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் கூடாது. நீங்கள் முந்திக்கொண்டு நகர்ந்தால் டிகாஸ் போட்ட கணக்கு கெடும். இல்லாத ஆபத்தை நீங்களே உண்டாக்கலாம். புதியவர்கள் இங்கே செய்யும் இன்னொரு தவறு, ஏ.டி.சி.யை (கண்ட்ரோலர் இருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை) கூப்பிட்டு "அது யார்?" என்று விசாரிப்பது. பதில் வரும் நேரத்தில்தான் ஆர்.ஏ.வும் ஒலிக்கும். இரண்டு குரலில் எது காதில் விழும் என்று சொல்ல முடியாது.

5. ஆர்.ஏ. ஒலித்ததும் முதல் ஐந்து நொடி

டிகாஸின் கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: கட்டளை வந்து 5 நொடிக்குள் விமானி அசைக்கத் தொடங்குவார், சுமார் கால் ஜி (புவியீர்ப்பில் கால் பங்கு) அளவுக்கு இழுப்பார் அல்லது தள்ளுவார். எதிரெதிரே வரும் இரண்டு ஜெட்கள் நிமிடத்துக்கு 8 நாட்டிக்கல் மைல் வீதம் ஓடினால், நடுவில் இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய 4 நொடிக்கு ஒரு மைல் கரைகிறது. யோசிக்க எடுக்கும் நேரத்துக்கான விலை இந்த மைல்தான்.

வரிசை இது.

முதலில் ஆட்டோபைலட்டைத் துண்டியுங்கள். சில புதிய ஏர்பஸ் விமானங்களில் ஆட்டோபைலட்டே ஆர்.ஏ.வைப் பின்பற்றும்; அங்கே துண்டிக்க வேண்டாம், திரையில் அந்த மோடு வந்துவிட்டதா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள். மற்ற விமானங்களில் ஆட்டோபைலட்டுக்கு ஆர்.ஏ. என்றால் என்னவென்றே தெரியாது. பழைய உயரத்தைப் பிடித்துக்கொண்டு உங்களோடு மல்லுக்கு நிற்கும்.

இரண்டாவது ஃபிளைட் டைரக்டர், அதாவது மூக்கை எங்கே வைப்பது என்று திரையில் காட்டும் வழிகாட்டி. ஆட்டோபைலட் ஆர்.ஏ.வைப் பின்பற்றாத ஏர்பஸ்ஸில் இரண்டு பக்கமும் அணைக்க வேண்டும். மாணவர்கள் தங்கள் பக்கத்தை அணைத்துவிட்டு மறுபக்கத்தை மறந்துவிடுகிறார்கள். காரணம் தெரிந்தால் மறக்க மாட்டார்கள். எஞ்சின் ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள், 'கிளைம்ப்' வருகிறது, மூக்கைத் தூக்குகிறீர்கள். ஒரு ஃபிளைட் டைரக்டர் உயிரோடு இருந்தாலும் ஆட்டோதிரஸ்ட் (எஞ்சின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இன்னமும் இறங்கும் மோடிலேயே கிடக்கும், எஞ்சினும் ஐடிலில். ஏற ஏற வேகம் சரியும். இரண்டையும் அணைத்தால் ஆட்டோதிரஸ்ட் வேகத்தைக் காக்கும் மோடுக்கு மாறி, தேவையான உந்துவிசையைத் தரும். போயிங்கில் ஆட்டோதிராட்டிலையும் துண்டித்துவிட்டு லீவரைக் கையால் நகர்த்துவது வழக்கம். காரணம் அதேதான்.

மூன்றாவது, மூக்கை நகர்த்துங்கள். காதில் விழுந்ததை வைத்து இல்லை. கண்ணுக்குத் தெரிவதை வைத்து. ஏர்பஸ்ஸில் வர்டிகல் ஸ்பீடு அளவியில் சிவப்பும் பச்சையும் தெரியும்: சிவப்பில் இருந்து வெளியே வந்து பச்சைக்குள் முள்ளைக் கொண்டுபோக வேண்டும். போயிங் திரையில் மூக்கு போகக் கூடாத சிவப்புப் பகுதி கோடு போட்டுக் காட்டப்படும். 'மானிட்டர் வர்டிகல் ஸ்பீடு' என்று வந்தால் அது தடுப்புக் கட்டளை. நீங்கள் ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள், சிவப்புக்குள் போகாமல் இருந்தால் போதும். இதைக் கேட்டதும் சடக்கென்று இழுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த விமானம் கெட்டது அங்கேதான்.

'லெவல் ஆஃப், லெவல் ஆஃப்' என்றால் ஏறுவதையோ இறங்குவதையோ நிறுத்திச் சமதளமாகப் பறக்க வேண்டும். முன்பு இந்த இடத்தில் 'அட்ஜஸ்ட் வர்டிகல் ஸ்பீடு' என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் அட்ஜஸ்ட் செய்வது என்று புரியாமல் தலைகீழாகச் செய்தவர்கள் இருந்ததால் டிகாஸின் 7.1 பதிப்பில் சொல்லையே மாற்றினார்கள்.

நான்காவது, பக்கத்தில் இருப்பவர். அவருடைய கண் வர்டிகல் ஸ்பீடிலேயே இருக்கட்டும். "பச்சைக்குள் வந்தாச்சு", "இன்னும் சிவப்பு", "போதும், அதிகம்" என்று சொல்ல வேண்டியவர் அவர். அன்று நான் செய்யத் தவறியது இந்த வேலையைத்தான்.

6. எவ்வளவு இழுப்பது

சிமுலேட்டரில் நான் அதிக நேரம் செலவழித்தது இதற்குத்தான். முதல் முறை 'கிளைம்ப்' கேட்டவர் மூக்கை 10 பாகைக்குத் தூக்கிவிடுவார். நிமிடத்துக்கு 4,000 அடி என்று முள் ஓடும். முகத்தில் ஒரு திருப்தி வேறு.

கேட்கப்படுவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 அடிதான். எளிய கணக்கு: ஒரு பாகை மூக்கு மாற்றம், ஒரு நாட்டிக்கல் மைலுக்கு ஏறக்குறைய 100 அடி. மேக் 0.80இல் (ஒலியின் வேகத்தில் 80 சதவீதம்) நிமிடத்துக்கு 8 மைல் போகிறீர்கள் என்றால் ஒரு பாகைக்கு 800 அடி. ஆக, மேலே சமதளப் பறப்பில் 2 பாகை போதும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு 250 நாட்டிக்கல் மைல்) வேகத்தில் 3 முதல் 4 பாகை. இறங்கும் கட்டத்தில் 200 நாட் வேகத்துக்குக் கீழே 5 முதல் 7 பாகை வரை தேவைப்படும். இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மற்றதை அளவியின் பச்சை நிறம் பார்த்துக்கொள்ளும்.

அதிகம் இழுத்தால் என்ன? இரண்டு கெடுதல். முதலாவது, 29,000 அடியில் இருந்து 41,000 அடி வரை விமானங்கள் 1,000 அடி இடைவெளியில் அடுக்கடுக்காகப் போகின்றன. முறையாகச் செய்த ஆர்.ஏ.வில் உயரம் 300 முதல் 500 அடிக்கு மேல் மாறுவது அபூர்வம். 4,000 அடி வேகத்தில் ஏறினால், ஒருவரிடம் தப்பித்து மேல்மாடிக்காரர் வீட்டுத் தரையில் போய் முட்டுவீர்கள். இரண்டாவது, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். 2001 ஜனவரியில் ஜப்பானின் யைசு அருகே இரண்டு பெரிய விமானங்கள் மயிரிழையில் தப்பின. மோதல் இல்லை. ஆனாலும் கடைசி நேரத்தில் 747 ஒன்றின் மூக்கைத் திடீரென்று தள்ளியதில் அதில் இருந்த சுமார் 100 பேர் காயப்பட்டார்கள்.

கால் ஜி என்பது மாடிக்குப் போகும் லிஃப்ட் கிளம்பும் உணர்வைவிடச் சற்று அதிகம். வயிறு லேசாகக் கனக்க வேண்டும். தட்டு பறக்கிறது என்றால் அது வேறு கணக்கு.

7. ஏ.டி.சி. வேறு சொன்னால்

எங்கள் அக்கா மகன் போன மாதம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டான்: "ஏனுங்க மாமா, டிகாஸ் ஏறுங்குது, கண்ட்ரோலர் இறங்குங்கறாருன்னா யார் பேச்சைக் கேக்கறதுங்க?"

"தோட்டத்து வரப்புல எதிர்ல ஒருத்தர் வந்தா என்னடா பண்ணுவே மாப்பிள்ளை?"

"ஒதுங்குவனுங்க."

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்குனா?"

சிரித்தான். விஷயம் அதுதான். இரண்டு விமானத்திலும் டிகாஸ் இருந்தால் அவை தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பங்கு பிரித்த பிறகே உங்களுக்குக் கட்டளை சொல்கின்றன. உங்களுக்கு 'ஏறு' என்றால் எதிரே இருப்பவருக்கு 'இறங்கு' போயிருக்கிறது. கண்ட்ரோலருக்கு இந்தப் பேச்சு தெரியாது. அவர் பேச்சைக் கேட்டு நீங்கள் இறங்கினால் எதிராளி இறங்கும் அதே பக்கம் ஒதுங்குகிறீர்கள்.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே நடந்தது இதுவே. டியூ-154 என்ற பயணி விமானத்துக்கு டிகாஸ் 'ஏறு' என்றது, கண்ட்ரோலர் இறங்கச் சொன்னார், அது இறங்கியது. சரக்கு ஏற்றிவந்த 757 தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டிலும் இருந்த 71 பேரும் இறந்தார்கள்.

ஆகவே விதி ஒன்றே: ஆர்.ஏ. நடக்கும்போது அதற்கு எதிரான எந்த ஏ.டி.சி. கட்டளைக்கும் இணங்கக் கூடாது. சொல்ல வேண்டியது கால் சைன் (வானொலியில் உங்கள் விமானத்தின் பெயர்), அதன்பின் "டிகாஸ் ஆர்.ஏ." அவ்வளவே. ஏறுகிறோம், இறங்குகிறோம் என்ற விளக்கம் தேவையில்லை. பதிலுக்கு அவர் "ராஜர்" என்பார். அதற்கு மேல், நீங்கள் முடிந்தது என்று சொல்லும்வரை உங்கள் பாதையை மாற்ற அவர் முயலக் கூடாது. டிராஃபிக் தகவல் மட்டும் தரலாம். அவர் முந்திக்கொண்டு ஏதாவது கட்டளையிட்டால், முடியாது என்பதற்கு "அனேபிள், டிகாஸ் ஆர்.ஏ."

இதைச் சொல்வது விமானம் பச்சைக்குள் வந்த பிறகு. மைக்கை அழுத்துவது ஐந்தாவது வேலை, முதல் வேலை இல்லை. இன்னொன்று: உங்களுக்குக் கொடுத்த அனுமதியை மீறாமலே ஆர்.ஏ.வை நிறைவேற்ற முடிகிறது என்றால் அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதே இல்லை. மெதுவாக ஏறச் சொன்ன கட்டளைக்கெல்லாம் "டிகாஸ் ஆர்.ஏ." என்று அறிவித்தால், கண்ட்ரோலர் காரணமே இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

8. கண்ணால் பார்த்துவிட்டேன் என்கிற பொறி

வெளியே பார்க்கிறீர்கள், விமானம் தெரிகிறது, நமக்குக் கீழேதான் போகிறது என்று தோன்றுகிறது. டிகாஸ் 'இறங்கு' என்கிறது. இறங்கத்தான் வேண்டும். நீங்கள் பார்த்த விமானமும் டிகாஸ் பார்த்த விமானமும் ஒன்றுதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரவில் விளக்கு மட்டும் தெரியும்போது மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று கண் தாராளமாக ஏமாறும். பகலிலும் மேகத்தின் சாய்வான விளிம்பு தொடுவானம் போலத் தோன்றி ஏமாற்றும்.

9. நடுவில் கட்டளை மாறினால்

எதிராளி தன் ஆர்.ஏ.வைப் பின்பற்றவில்லை என்றாலோ இடைவெளி போதவில்லை என்றாலோ டிகாஸ் தன் மனதை மாற்றிக்கொள்ளும். 'இன்கிரீஸ் கிளைம்ப்' வந்தால் நிமிடத்துக்கு 2,500 அடி. 'டிசெண்ட், டிசெண்ட் நவ்' என்று கடைசியில் 'நவ்' சேர்ந்து வந்தால் திசையே தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். இதற்கு 5 நொடி கிடையாது; இரண்டரை நொடிக்குள், சற்றுக் கூடுதலான விசையோடு செய்ய வேண்டும்.

'கிராஸிங்' என்ற சொல் வந்தாலும் பதற வேண்டாம். எதிர் விமானத்தின் உயரத்தைக் கடந்து அந்தப் பக்கம் போகச் சொல்கிறது. அவருக்கு மேலே இருக்கும் நம்மை ஏன் இறங்கச் சொல்கிறது என்று மாணவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கும் சேர்த்து டிகாஸ் கணக்குப் போடவில்லை.

பிறகு எதிர்த்திசையிலும் ஒரு மாற்றம் வரும், இதைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். போதுமான இடைவெளி கிடைத்ததும் 'கிளைம்ப்' தளர்ந்து 'லெவல் ஆஃப்' ஆகும். காதில் விழுந்தாலும் கை ஏறிக்கொண்டே இருக்கும். பச்சைப் பகுதி நகர்ந்துவிட்டதைப் பாருங்கள், மூக்கைத் தாழ்த்துங்கள். இன்னும் முடியவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

10. டிகாஸ் பேச்சை மிஞ்சும் மூன்று குரல்கள்

ஸ்டால் எச்சரிக்கை (இறக்கை தூக்குவிசையை இழப்பது), விண்ட்ஷியர் எச்சரிக்கை (காற்று திடீரென்று மாறுவது), தரை நெருங்கும் எச்சரிக்கை. இந்த மூன்றில் எது வந்தாலும் அதற்குத்தான் முதல் இடம்.

எங்கள் பக்கத்து ஆகாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கு வரும்போது வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். அடிக்கணக்கில் இரண்டுமே 8,600க்கு மேல். டிகாஸுக்கு ரேடியோ ஆல்ட்டிமீட்டர் மூலம் விமானத்துக்கு நேர் கீழே இருக்கும் தரை மட்டுமே தெரியும். முன்னால் நிற்கும் மலை தெரியாது. 'இறங்கு' என்று சொன்ன பிறகு தரை எச்சரிக்கை 'புல் அப்' என்றால் இழுத்துவிட வேண்டியதுதான்.

தரைக்கு அருகே டிகாஸ் தானாகவே அடங்கும். தரையில் இருந்து சுமார் 1,550 அடிக்குக் கீழே 'இன்னும் வேகமாக இறங்கு' வராது. 1,100 அடிக்குக் கீழே 'இறங்கு' வராது. 1,000 அடிக்குக் கீழே எந்த ஆர்.ஏ.வும் வராது, 500 அடிக்குக் கீழே குரலே வராது. எல்லாவற்றிலும் நூறடி முன்பின் இருக்கும்.

எஞ்சின் ஒன்று நின்றுபோனால் செக்லிஸ்ட் டி.ஏ. மட்டும் நிலைக்கு மாற்றச் சொல்லும். ஏற முடியாத விமானத்துக்கு ஏறு என்று கட்டளை வந்து என்ன பயன்? உச்ச உயரத்துக்குப் பக்கத்தில் பறக்கும்போது 'கிளைம்ப்' வந்தால் விமானம் தாங்கும் அளவுக்கு ஏறுங்கள், ஸ்டால் பக்கம் போகாதீர்கள். முழுதாக ஏற முடியவில்லை என்பதற்காக எதிர்ப்பக்கம் மட்டும் போய்விடக் கூடாது.

இறுதி அணுகலில் ஃபிளாப்பும் சக்கரமும் இறக்கிய நிலையில் 'கிளைம்ப்' வந்தால் அது கோ-அரவுண்ட் (தரையிறங்காமல் மீண்டும் மேலேறுவது) வேலை. இதற்கு விமானத்துக்கு விமானம் வரிசை மாறும். உங்கள் கையேட்டில் அந்தப் பக்கத்தை இன்றே ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

11. 'கிளியர் ஆஃப் கான்ஃபிளிக்ட்' கேட்ட பிறகு

இந்தச் சொல் காதில் விழும்வரை ஆர்.ஏ. முடியவில்லை. சிவப்புச் சதுரம் பின்னால் போய்விட்டதே என்று திரும்பக் கூடாது.

கேட்டதும் பழைய அனுமதிக்குத் திரும்புங்கள். ஏ.டி.சி.யிடம் "கிளியர் ஆஃப் கான்ஃபிளிக்ட்" என்று சொல்லி, எந்த உயரத்துக்குத் திரும்புகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதைச் சொல்ல மறப்பது சிமுலேட்டரில் மிகச் சாதாரணம். விமானி பெருமூச்சு விட்டு உட்கார்ந்திருப்பார். கண்ட்ரோலர் பாவம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்.

திரும்பும்போதும் மெதுவாக. ஃபிளைட் டைரக்டரைப் போட்டு, மோடு சரியா என்று படித்துப் பார்த்து, பிறகு ஆட்டோபைலட். அவசரத்தில் ஆட்டோபைலட்டை முதலில் போட்டு, அது வேறு எங்கோ கிளம்பி, அதைத் துரத்திக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்புறம் கேபின் க்ரூவைக் கூப்பிட்டு யாருக்காவது அடிபட்டதா என்று கேளுங்கள்.

12. தரையிறங்கியதும் எழுத வேண்டியவை

நினைவு வேகமாக மாறும். இருவரும் பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியாக எழுதி வைத்துவிடுவது நல்லது. நேரத்தை யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள். இடம், உயரம், அப்போது ஏறும் அல்லது இறங்கும் வேகம், டி.ஏ. வந்ததா, ஆர்.ஏ. சொன்ன சரியான சொற்கள், ஏ.டி.சி. சொன்னது, அதிகபட்சம் எத்தனை அடி விலகினீர்கள், எதிர் விமானத்தைக் கண்ணால் பார்த்தீர்களா. நிறுவனத்தின் பாதுகாப்பு அறிக்கைப் படிவத்தில் இதெல்லாம் கேட்பார்கள். மறந்துபோனதைக் கற்பனையில் நிரப்பாதீர்கள். விமானத்தின் பதிவுக் கருவி எப்படியும் உள்ளதைச் சொல்லும்.

13. திண்ணையில் எப்படிப் பழகுவது

சிமுலேட்டர் நேரம் விலை அதிகம். அங்கே போய்க் கையை எங்கே வைப்பது என்று தேடக் கூடாது. எங்கள் வீட்டில் இரண்டு நாற்காலிக்கும் முன்னால் வர்டிகல் ஸ்பீடு அளவியின் படம், சிவப்பும் பச்சையும் கிரேயானில் தீட்டி, அட்டையில் ஒட்டி நிற்கிறது. சைடுஸ்டிக்குக்கு (ஏர்பஸ்ஸை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கோல்) பதிலாக மோர் கடையும் மத்து. மூன்றாவது ஆள் பின்னால் நின்று, சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவதொரு கட்டளையைக் கத்துவார். அப்போது செல்போனில் ஸ்டாப்வாட்ச் ஓடும்.

முதல் நாள் அக்கா மகனுக்கு 9 நொடி ஆனது. அதில் 6 நொடி வாயில் போயிற்று. ஆகவே இரண்டாம் நாள் அவனைப் பேசவே விடவில்லை: ஆட்டோபைலட், ஃபிளைட் டைரக்டர், மூக்கு, இவை மூன்றும் மௌனமாக. முப்பது தடவைக்குப் பிறகு 3 நொடிக்கு வந்தது. அதற்கப்புறம்தான் "டிகாஸ் ஆர்.ஏ."வைச் சேர்த்தோம். நடுவில் நான் கண்ட்ரோலராகி, மலையாளம் கலந்த குரலில் எதிர்க் கட்டளை கொடுத்துக் குழப்பினேன். நான்கு தடவை ஏமாந்தான், ஐந்தாவது தடவை "அனேபிள்" என்றான்.

நாற்காலியை மாற்றி உட்கார்ந்தும் பழகுங்கள். ஓட்டாத பக்கத்தில் இருப்பவர் வாய் மூடி அளவியையே பார்த்துக்கொண்டிருப்பது, மத்தைப் பிடித்து இழுப்பதைவிடக் கடினம். அக்கா மகன் இப்போது அங்கேதான் நிற்கிறான்: கட்டளை கேட்டதும் அவன் கண் இன்னும் ஜன்னல் பக்கம் ஓடுகிறது.